எட்டு வாரப் பரிசோதனைகளும் ‘இன்றைக்கு’ என்ற ஜெபமும்

பிப்ரவரி இரண்டாம் வாரம். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது இடது காறையெலும்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, கெட்டியாக, அழுத்தினால் வலிக்காமல். பக்கத்து வீட்டு அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கும்மா, பல்லுவலி வந்தாக்கூடக் கட்டும்" என்றார். எனக்குப் பல்வலி இல்லை. ஆனால் சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுவதையும், இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்திருந்ததையும் அதுவரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார், மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். கடலூர் புதுப்பாளையம் வீட்டில் நான் மட்டும்தான். அன்று தொடங்கி, வந்திருப்பது என்ன நோய் என்று தெரிய எட்டு வாரம் ஆனது. கையை விட்டுப் போனது 66,500 ரூபாய். சரியான நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதில் பாதி நாட்களும், மூன்றில் ஒரு பங்குப் பணமும் மிச்சமாகியிருக்கும். அந்தக் கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்த எட்டு வாரத்தில் என் ஜெபம் எப்படி மாறியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது.

முதலில் நெறிகட்டியைப் பற்றி. தாடைக்குக் கீழேயும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுவது சகஜம். பல்லில் சீழ், தொண்டைப் புண், காலில் காயம் என்று எது வந்தாலும் கட்டும், வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். காறையெலும்புக்கு மேலே வந்தால் கதை வேறு. அந்த இடத்தில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருந்து வரும் நிணநீர், குறிப்பாக இடது பக்கம், அந்த வழியாகத்தான் போகிறது. இதை ராத்திரி ஒரு மணிக்கு போனில் தனியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு தூக்கம் போனது. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அமுக்கி அமுக்கி, வலிக்காத கட்டி வலிக்க ஆரம்பித்தது. வலி வந்ததும் "வலித்தால் கேன்சர் இல்லை" என்று கொஞ்சம் நிம்மதி, பிறகு அதற்கு எதிராக ஒன்றைப் படித்து மறுபடி பயம். ஜெபம் செய்ய முழங்கால் போட்டாலும் கை கழுத்துக்குத்தான் போகும். "ஆண்டவரே, இது கேன்சராக இருக்கக் கூடாது" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. ஆமென் சொன்ன அடுத்த நிமிடம் இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். அது தவறில்லை, ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவிடும், பிறகு பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா, அதாவது நெறியில் வரும் ஒருவகைப் புற்றுநோய், அந்தக் கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும், பிறகு எடுக்கிற சதையில் நோய் சரியாகத் தெரியாது. கட்டியிலிருந்து மாதிரி எடுக்கும்வரை இந்த இரண்டையும் தவிர்க்க முடியுமா என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். நான் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்தது வேறு மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து நாளில் கட்டி வற்றவில்லை. கழுத்து ஸ்கேனில் 2.4 சென்டிமீட்டர், பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கட்டிகள். ரிப்போர்ட்டில் "ஹைலம் தெரியவில்லை" என்று இருந்தது. நல்ல நெறி அவரை விதை மாதிரி நீளவாக்கில் இருக்கும், நடுவில் கொழுப்புப் பட்டை ஒன்று ஓடும், அதுதான் ஹைலம். நெறி உருண்டையாகி அந்தப் பட்டை மறைந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் கேன்சரிலும் மறையும், டிபியிலும் மறையும். ஸ்கேன் சந்தேகத்தைச் சொல்லுமே தவிர, நோயின் பெயரைச் சொல்லாது.

அடுத்தது எஃப்என்ஏசி. மெல்லிய ஊசியால் கட்டியைக் குத்தி, உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவுவது. ஐந்து நிமிட வேலை, இரத்தம் எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிக வலி. நான்கு நாளில் ரிப்போர்ட்: "இயல்பற்ற லிம்ஃபாய்ட் செல்கள், லிம்போமாவை விலக்க திசுப் பரிசோதனை தேவை." லிம்போமா என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அன்று என் கண்ணில் படவில்லை. ஊசியில் வருவது உதிரிச் செல்கள் மட்டும்தான். லிம்போமாவா என்று சொல்ல நெறியின் உள்கட்டு எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். செங்கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீடு எப்படிக் கட்டியிருந்தது என்று சொல்ல முடியாது இல்லையா? அதனால் நெறியில் சந்தேகம் என்றால் எஃப்என்ஏசி பெரும்பாலும் இரண்டாவது பரிசோதனைக்கு வழி காட்டும், அதோடு முடியாது. ஆனால் அந்த ஊசியிலேயே ஒன்று செய்திருக்கலாம். குத்தியதில் வந்ததைக் கொஞ்சம் சாலைன் (உப்புநீர்) உள்ள சுத்தமான குப்பியில் விட்டு, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட் என்ற டிபி பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்: "டாக்டர், டிபி டெஸ்ட்டுக்கும் தனியா எடுக்கிறீங்களா?"

அந்த வாரத்தில்தான் ஒரு போன் வந்தது. வேறொரு ஐக்கியத்தைச் சேர்ந்த, எனக்குத் தெரிந்த ஒருவர். "சிஸ்டர், சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணுங்க. திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுத்தா அது அவிசுவாசம். ஸ்கேன் சென்டர் பக்கமே போகாதீங்க" என்றார். என்மேல் அன்பு உள்ளவர்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்கு இரண்டு பயம் சேர்ந்துகொண்டது, நோயைப் பற்றி ஒன்று, என் விசுவாசம் போதவில்லையோ என்று இன்னொன்று. இந்த நிலையில் இருக்கும் யாருக்காவது சொல்கிறேன்: எசேக்கியா ராஜாவின் கதையை எடுத்துப் படியுங்கள். அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுசு கூட்டப்படும் என்று வாக்குத்தத்தம் வாங்கினார். அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் மருந்து போட்டார்கள். டெஸ்ட் எடுப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பது ஆகாது.

எங்கள் சபை ஆற்காடு லுத்தரன் திருச்சபை. போதகர் ஐயாவிடம் போய் அழுதேன். "ஒண்ணும் இருக்காதும்மா" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். சென்னையில் ஸ்கேனுக்கு நாள் வாங்க வேண்டும் என்றேன். "அதுக்கு ஜெபிப்போம்" என்று, அந்த ஒன்றுக்கு மட்டும் ஜெபித்தார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. எழும்போது, "பரமண்டல ஜெபத்தில ஆகாரத்தை இன்னைக்குன்னுதாம்மா கேட்கிறோம், வருஷத்துக்குன்னு கேட்கலையே" என்றார். சின்ன வயசிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன ஜெபம். அந்த "இன்று" என்ற சொல் அதில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். அதிலிருந்து ஒரு நோட்டில் அன்றைக்கு உள்ள வேலையை மட்டும் ஒரு வரி எழுதி, அதற்கு மட்டும் ஜெபிக்க ஆரம்பித்தேன். "இன்று ஸ்கேன் படங்களை வாங்க வேண்டும்." "இன்று மகளிடம் சொல்ல வேண்டும்." கட்டியைத் தொட்டுப் பார்ப்பதும் காலையில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனால் பயம் ஒரு மூலையில் இருக்க, வேலை நடந்தது. மூன்றாம் நாளே தூக்கம் வந்தது.

பெட் சிடி. 19,500 ரூபாய், போக்குவரத்தும் தங்கலும் 3,800. சதைப் பரிசோதனைக்கு (பயாப்சி) முன்னாலேயே இதை எடுத்ததுதான் என் பெரிய நஷ்டம். பெட் ஸ்கேனில் குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்கத்தை ஏற்றி ஊசியாகப் போடுகிறார்கள். எந்தத் திசு அதிகமாகச் சர்க்கரையை உறிஞ்சுகிறதோ அது படத்தில் ஒளிரும். கேன்சர் உறிஞ்சும், சரி. கிருமியோடு சண்டை போடும் செல்களும் உறிஞ்சும். அதனால் டிபி நெறி கேன்சர் மாதிரியே ஒளிரும், சில நேரம் அதைவிட அதிகமாக. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கான அளவுதான் எஸ்யூவி, எனக்கு அது 11 என்று வந்தது. "லிம்போமா சாத்தியம், டிபியும் கருத வேண்டும், திசுப் பரிசோதனையோடு ஒப்பிடவும்." எஃப்என்ஏசி சொன்னதையே மறுபடி சொல்வதற்கு 23,300 ரூபாய். எந்த நெறியிலிருந்து சதை எடுப்பது என்று முடிவு செய்ய டாக்டரே கேட்டால் எடுங்கள், நோய் உறுதியான பிறகு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுங்கள். பதற்றத்தில், "எதுக்கும் ஒரு பெட் எடுத்துடலாம்" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நான் போனேன். நீங்கள் போகாதீர்கள்.

எடுக்க வேண்டி வந்தால்: ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள், சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடலூரிலிருந்து போன பயணம் வீணாகும். முந்தின நாள் கடுமையான வேலை, வேகநடை வேண்டாம், தசையெல்லாம் ஒளிரும். கழுத்தை மூடும்படி ஒரு சால்வை கட்டாயம் கொண்டுபோங்கள். ஏசி குளிரில் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஒருவகைக் கொழுப்பை எரிக்கும், அந்தக் கொழுப்பு இருப்பது சரியாகக் கழுத்திலும் காறையெலும்புப் பக்கமும்தான், அதுவும் ஒளிர்ந்து படத்தைக் குழப்பும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும், பேசக் கூடாது, போன் கூடாது. பேசினால் தொண்டைத் தசை ஒளிரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் என்னைத் தயார் செய்யவில்லை. அரை இருட்டு அறை, ஐந்து சாய்வு நாற்காலி, ஐந்து பேர், ஒரு சத்தம் இல்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதங்களை வாயசைக்காமல் சொல்லிக்கொண்டேன். அவை தீர்ந்த பிறகு மற்ற நாலு நாற்காலிக்கும் ஒவ்வொன்றாக ஜெபித்தேன். பெயர் தெரியாது, நாற்காலியைச் சொல்லி ஜெபித்தேன். என்னைப் பற்றி நினைக்காத முதல் ஒரு மணி நேரம் அதுதான். வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அன்று முழுக்கக் கைக்குழந்தை, கர்ப்பிணிகள் பக்கம் போகக் கூடாது. பஸ்ஸில் வருவதென்றால் இடம் பார்த்து உட்காருங்கள்.

நெறியை முழுதாக எடுக்கும் ஆபரேஷன் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி நேரம், சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். 24,000 ரூபாய். கூட யாரும் வராததால் லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி டப்பாவை என் கையிலேயே கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, சிவப்பு மூடி, என் பெயரும் வயதும் நீல பால்பாயின்டில். உள்ளே தெளிந்த திரவத்தில் சாம்பலும் இளஞ்சிவப்புமாகப் பலாக்கொட்டை மாதிரி ஒரு துண்டு. மூடி சரியாக இறுகாததால் மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடி வந்தது. ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். இத்தனை வாரமாக என்னைத் தூங்கவிடாதது இவ்வளவுதான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லேபில் வாங்கிய தம்பி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிபி கல்ச்சருக்கு சாலைன்ல தனியா இருக்காக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "முழுசும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்களே" என்றார், அவ்வளவுதான். அப்போது எனக்குப் புரியவில்லை. ஃபார்மலின் சதையை அழுகாமல் அப்படியே உறைய வைக்கும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது வேண்டும். ஆனால் அதில் விழுந்த கிருமி செத்துவிடும், கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், வளராது. கிருமியின் டிஎன்ஏவும் சிதைந்துவிடும், சிபிநாட்டில் நம்பகமாக வராது. அதனால் நெறியை எடுத்த உடனே இரண்டாக வெட்டி, ஒரு பாதி ஃபார்மலினில், ஒரு பாதி சாலைனில் போட வேண்டும். ஃபார்மலின் சதையைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், சாலைன் குப்பி அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும். இதை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் சர்ஜனிடம் சொல்லுங்கள், முடிந்தால் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் சொல்லிப் பயனில்லை. டப்பாவில் பெயர், வயது, எந்தப் பக்கம், தேதி இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

லேபை விட்டு வந்தபோது இருட்டவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா திறந்திருந்தது. நான் லுத்தரன், ஆனாலும் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கழுத்தில் பஞ்சுக்கட்டு, கண்ணில் இன்னும் ஃபார்மலின் எரிச்சல். அன்றைக்கு நோட்டில் எழுதிய வேலை முடிந்திருந்தது. கேட்க ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்தேன். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக "இது கேன்சராக இருக்கக் கூடாது" என்று சொல்லாமல் ஆண்டவர் முன்னால் இருக்க முடிந்தது. அந்தச் சமாதானம் ரிப்போர்ட் வருவதற்கு 13 நாள் முன்னாடி வந்தது. அதனால்தான் அதை நம்புகிறேன்.

அந்த 13 நாளும் லேசாகப் போனது என்று சொன்னால் பொய். சதைப் பரிசோதனை ஏழு நாள். அதில் "லிம்போமாவை விலக்க ஐஎச்சி" என்று எழுதி இன்னும் ஆறு நாள், இன்னும் 8,500 ரூபாய். ஐஎச்சி என்பது அதே சதையின் மெல்லிய சீவல்களில் சிடி20, சிடி30 போன்ற அடையாளங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஐஎச்சி கேட்டாலே கேன்சர் என்று அர்த்தமில்லை, கேன்சர் இல்லை என்று உறுதி செய்யவும் அதுதான் வேண்டும். இதை யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆறு நாள் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். சங்கீதம் 13 எனக்குத் துணையாக இருந்தது. மொத்தம் ஆறே வசனம், முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. எதுவரைக்கும் என்று கேட்பதும் ஜெபம்தான், அதற்காக யாரும் தன்னைக் குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

லிம்போமா இல்லை என்று வந்தது. கிரானுலோமாவும் (எதிர்ப்புச் செல்கள் கூடிக் கட்டும் சிறு முடிச்சு) நடுவில் தயிர்க்கட்டி போன்ற அழிவும் இருந்தன, டிபியின் சாயல். ஆனால் சாயம் போட்டுத் தேடியதில் கிருமி தெரியவில்லை. நெறியில் வரும் டிபியில் கிருமி மிகக் குறைவு, தெரியாவிட்டால் இல்லை என்று ஆகாது. மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்று தெரிய சிபிநாட்டோ கல்ச்சரோ வேண்டும், சதையோ முழுசும் ஃபார்மலினில். பக்கத்து நெறியில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மறுபடி ஊசி குத்தி, சாலைனில் போட்டு, அரசு காசநோய்ப் பிரிவில் கொடுத்தோம். சிபிநாட் இரண்டு மணி நேர வேலை, அங்கே இலவசம். கிருமி இருந்தது, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. எட்டாவது வாரம் முடிந்தது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும் அதன் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறதே, முதல் வாரமே அங்கே போயிருக்கலாமே என்று தோன்றியது. கூட்டத்துக்குப் பயந்து போகாமல் இருந்தது என் தவறு.

மாத்திரை ஆறு மாதம், அரசில் இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்தது, அடுத்த நாலு மாதம் மூன்று. என் எடை 52 கிலோவுக்கு தினமும் நாலு மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது இரத்தம் இல்லை. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. பதிவு செய்யும்போதே ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்துவிடுங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு நெறி பெரிதாவதும், புதிதாக ஒன்று கிளம்புவதும் உண்டு. எனக்கு ஐந்தாவது வாரம் ஒன்று வந்தது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தி திரும்புவதால் வருவது அது.

இன்னொன்று. சதையை மெழுகில் பதித்த பிளாக்கும் கண்ணாடிச் சில்லும் லேபில் இருக்கும். வேறு இடத்தில் இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றால் புதிதாக அறுக்க வேண்டியதில்லை, எழுதிக் கொடுத்து இவற்றை வாங்கிக்கொண்டு போகலாம். நம்ம ஊர் வெயிலில் வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். நான் பருத்தித் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டுக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். அன்று நோட்டில் இருந்த வரி: "இன்று பிளாக்கைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும்."